ஒரு பெண்ணுக்கு இரண்டு வயது

எங்கள் ஊரில் குழந்தைத் திருமணத்தை ஒழித்துவிட்டோம். காலை பத்தரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினோம். பன்னிரண்டே காலுக்கெல்லாம் ஒழிந்துவிட்டது. பன்னிரண்டரைக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

சில வருஷங்களுக்கு முந்திய சங்கதி. ஊர் எது என்று கேட்காதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கொஞ்சம் தள்ளித் தேனி, திண்டுக்கல் என்று போட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் ஊர்வலம். உயர்நிலைப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு அட்டை. டீச்சர் "ஒழிப்போம் ஒழிப்போம்" என்று அடியெடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் "குழந்தைத் திருமணத்தை ஒழிப்போம்" என்று முடித்தார்கள். மேட்டுத்தெரு, கோயில் தெரு, பால் சொசைட்டி என்று சுற்றியது ஊர்வலம். திண்ணையில் இருந்த பாட்டி ஒருத்தி நிஜமாகவே வருத்தப்பட்டாள்: "எதுக்கு இந்த வெயில்ல புள்ளைங்கள நடக்க வுடறாங்க? கறுத்துப் போயிருமே." கறுத்துப்போனால் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது உறுதிமொழி. பிள்ளைகள் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னார்கள்: பதினெட்டு வயதுக்கு முன்னால் நான் திருமணம் செய்துகொள்ள மாட்டேன். என்னமோ இந்தப் பிள்ளைகள்தான் சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் கையில் மாலையை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மாப்பிள்ளை தேடி அலைகிற மாதிரி. திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டு, "கிடா வெட்டுக்குப் போக மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கத்தி பிடிக்கிறவர் மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் உறுதிமொழி கேட்கவில்லை.

மேடையில் இருந்தது கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். கூட வி.ஏ.ஓ., தலைமை ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுத் தலைவி, கடைசி நாற்காலியில் அங்கன்வாடி டீச்சர். மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வள்ளலுக்கு ஒரு சால்வை. அந்த மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்ட பிள்ளைகளின் உண்மையான வயதைக் கூட்டிப் பார்த்தால் அவருக்குச் சால்வை போதாது, ஒரு ஜமுக்காளமே போர்த்தலாம். தலைவர் பேசினார்: "பெண்கள் நம்ம வீட்டுக் கண்கள்." உண்மைதான். கண்ணைத்தானே பதினைந்து வயதில் கட்டிக் கொடுக்கிறோம்.

அதிகாரி அம்மா ஒருவர் சட்டத்தை விளக்கினார். 2006-இல் வந்த சட்டம், 2007 நவம்பர் 1 முதல் நடைமுறை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. கட்டிக்கொள்கிற பெரிய ஆளுக்கு இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஒன்று மூன்றாம் பிரிவு. சிறுவயதில் தாலி கட்டப்பட்ட பெண், பதினெட்டு முடிந்து இரண்டு வருஷத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போய் "இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம், கல்யாணம் செல்லாததாகிவிடும். இருபது வயது வரை ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒருத்திக்கும் யாரும் சொல்லவில்லை. "குடும்பம் பிரிஞ்சிரும்னு பேசுவாங்க சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இன்னொன்று பதினோராம் பிரிவு. அது எலுமிச்சை சாதத்துக்கு இடைஞ்சலான பிரிவு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள், எங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். "பாவம், படிக்காத ஜனங்க, வயசு தெரியாது." இந்தப் பரிதாபத்தைப் போல எங்களுக்கு வசதியானது வேறில்லை. எங்களுக்கா வயது தெரியாது? பூர்வீக நிலத்தில் எத்தனை சென்ட் எந்தச் சித்தப்பனுக்கு என்பது தெரியும். பசுவுக்கு எத்தனையாவது ஈத்து என்பது தெரியும். பெண்ணுக்கு எத்தனை வயது என்பதும் தெரியும். ஒன்றல்ல, இரண்டு வயது தெரியும். எந்த வயதை எப்போது எடுப்பது என்பதும் தெரியும்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். எனக்கு மாமன் முறை. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த லீவில் கல்யாணப் பேச்சு வந்தது. பதினைந்தரை வயது. மாப்பிள்ளை முப்பதைத் தொட்டவர், பெங்களூரில் கட்டட வேலை. "என்னங்க மாமா, புள்ளைக்கு இன்னும் வயசு ஆவலியே" என்றேன். "யார் சொன்னா? பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வயசக் கொறச்சுப் போட்டுட்டாங்க. அவ பொறந்தது பெரிய மழ பேஞ்ச வருசம்." பிறப்புச் சான்றிதழ்? "கரையான் அரிச்சிருச்சு மாப்ள."

நாலு வருஷம் கழித்துச் சின்னவள், பதினேழு வயது பத்து மாதத்தில், காலனிப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரத்தில் மாமா காவல் நிலையத்தில் இருந்தார். கையில் சின்னவளின் பிறப்புச் சான்றிதழ், லேமினேட் பண்ணினது. மாற்றுச் சான்றிதழ் நகல் மூன்று. ஆதார். "என் பொண்ணு மைனர் சார். கொழந்த சார். ஒண்ணும் தெரியாத பச்சக் கொழந்த." போக்சோ என்ற சொல்லைப் பிசிறில்லாமல் உச்சரித்தார், எந்த விழிப்புணர்வுக் கூட்டத்திலும் அவர் அதைக் கற்கவில்லை. கரையானுக்கும் சாதி தெரியும் போலிருக்கிறது. பெரியவளின் சான்றிதழை மட்டும் தின்றிருக்கிறது.

பையன் உள்ளே போனான். பதினேழே முக்கால் வயதில் பச்சைக் குழந்தையாக இருந்த சின்னவளைப் பிறகு அதே மாமா நாற்பது நாளில், பதினெட்டு முடியக்கூட இல்லை, சொந்தத்திலேயே ஒருவருக்குக் கட்டிவைத்தார். அன்றைக்கு அவள் மறுபடி பெரிய மனுஷி. சொந்தச் சாதிக்காரன் தாலியை எடுத்தால் பதினாலு வயதுக்காரிக்கும் பதினெட்டு நிரம்பிவிடும். அடுத்த தெருக்காரன் கையைப் பிடித்தால் இருபது வயதுக்காரிக்கும் பால்பல் விழுந்திருக்காது.

"காலம் கெட்டுக் கெடக்கு" என்பார்கள் கேட்டால். காலம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று நோண்டினால் இதுதான் அடியில் கிடக்கும். செல்போன், காலேஜ் பஸ், பக்கத்து பெஞ்சுப் பையன். பெண் தானாக ஒருவனைப் பார்ப்பதற்குள் நாமாக ஒருவனைப் பார்த்துவிட வேண்டும்.

ஏழ்மை இல்லை என்று சொல்லவில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆறு மாதம் குடும்பத்தோடு போகிறவர்கள் வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்று தவிக்கிற தவிப்பு எனக்குத் தெரியும். மலைமேல் எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும், மேலே படிக்கக் காட்டு வழியில் இறங்கி நடக்க வேண்டும் என்கிற ஊர்கள் உண்டு. அந்தத் தாயின் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் எங்கள் மாமாவுக்கு நாலு ஏக்கர் தோட்டம், போர்வெல், வாசலில் டிராக்டர். அவருக்கும் அதே ஏழ்மைதான் என்று திட்ட அறிக்கை எழுதுகிறார்கள் பாருங்கள், அதைப் படித்தால்தான் வயிறு எரிகிறது. பஞ்சு மில்காரர்கள் பரவாயில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து மூன்று வருஷம் வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்ற ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று ஒளிவுமறைவில்லாமல் பெயர் வைத்தார்கள்.

பெரியவள் கல்யாணத்துக்கு வருகிறேன்.

அங்கன்வாடி டீச்சர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார். கடைசி நாற்காலிக்காரர். அவர் ஒருத்திதான் அந்த மேடையில் நடந்ததை உண்மை என்று நம்பியவர். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பந்தல் போட்டிருந்தது, வாழைமரம் கட்டியிருந்தது, சமையல்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "காது குத்துங்க" என்றார் மாமா. யாருக்கு? ஒரு மூன்று வயதுப் பையனைத் தூக்கிக் காட்டினார்கள். அவனுக்கு ஏற்கெனவே காது குத்தியிருந்தது. சரி, மறுபடி குத்துவார்களாக்கும். கடைசியில், பதினெட்டு முடிகிற வரை கல்யாணம் பண்ண மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மாமா கையெழுத்துப் போட்டார். சாட்சி, குழுத் தலைவர். மறுநாள் பேப்பரில் வந்தது: குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்.

பதினோரு நாள் கழித்து விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்தில், கர்நாடக எல்லை தாண்டி ஒரு கோயிலில், கல்யாணம் நடந்தது. இரண்டு வேன். சாட்சிக் கையெழுத்துப் போட்ட தலைவர் முதல் வேனில் ஜன்னலோரம்.

எல்லை தாண்டுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1-இல்தான் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினாலு வயது என்று கேட்டதற்கே சாஸ்திரம் சரிந்துவிட்டதென்று மத்திய சட்டசபையில் நம் சென்னை மாகாணத்து எம். கே. ஆச்சாரியார் முழங்கினார், இந்தப் பக்கம் சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி சட்டத்துக்காக மல்லுக்கட்டினார். இடையில் கிடைத்த அந்த ஆறு மாதத்தை நம் பெரியவர்கள் வீணாக்கவில்லை. தேசம் முழுக்கத் தொட்டிலைத் தட்டித் தட்டித் தாலி கட்டினார்கள். கடை மூடுவதற்கு முந்தின இரவு ஒயின்ஷாப் வாசலில் நிற்கிற கூட்டம் மாதிரி. அமலுக்கு வந்த பிறகு, சட்டம் செல்லாத சமஸ்தானத்துக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரிக்கும் ரயிலேறினவர்கள் உண்டு. போதாததற்கு அந்தச் சட்டத்தில் ஒரு அழகு இருந்தது. குழந்தைக் கல்யாணம் நடக்கிறது என்று புகார் கொடுக்கிறவன் 100 ரூபாய் வரை பிணை எழுதித் தர வேண்டும். திருடனைக் காட்டிக்கொடுக்க வந்தவனிடம் முன்பணம். 1949-இல் வயதைப் பதினைந்தாக்கினார்கள், 1978-இல் பதினெட்டாக்கினார்கள். பிணை எழுதுகிற வழக்கம் மட்டும் சட்டத்தை விட்டு ஊருக்குள் வந்து தங்கிவிட்டது. எங்கள் அங்கன்வாடி டீச்சர் எழுதினார்.

"யாரு சொன்னா?" 1098-இல் பேசுகிறவர் பெயரை வெளியே விடமாட்டார்கள். ஆனால் பொண்ணுக்கு எத்தனை வயது என்று கண்டுபிடிக்க முடியாத ஊர், போன் போட்டது யார் என்று ஒரு டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டது. அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். சத்துமாவுப் பொட்டலம் வாங்க ஆள் வரவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். குடும்பத்தைக் கெடுத்தவள் என்று பெயர். ஒரு கல்யாணத்தைப் பதினோரு நாள் தள்ளிப்போட்டதற்கு இவ்வளவு. நான்கு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். குழந்தைத் திருமணத்தைச் சமுதாயம் ஒன்றுகூடி ஒழிக்க வேண்டும் என்கிறார்கள். சமுதாயம் ஒன்றுகூடாமல் இல்லை. ஒன்றுகூடித்தான் அந்த அம்மாவை ஒழித்தது.

இதற்கே அழுதால் பன்வாரி தேவியை என்னவென்று சொல்வது? ராஜஸ்தானில், ஜெய்ப்பூர் மாவட்டத்துப் பட்டேரி கிராமம். அரசாங்கத்தின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர், குயவர் வீட்டுப் பெண். 1992-இல் அரசு உத்தரவுப்படி ஒரு கல்யாணத்தைத் தடுக்கப் போனார். மணப்பெண்ணுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. போலீஸ் வந்தது, கல்யாணம் நின்றது, அன்று ராத்திரியே இரண்டு மணிக்கு நடந்தது. ஊர் அவரிடம் பானை வாங்குவதை நிறுத்தியது, பால் விற்பதை நிறுத்தியது. அதே வருஷம் செப்டம்பரில், வயலில், கணவர் கண்ணெதிரே கூட்டாக அவரைச் சிதைத்தார்கள். 1995-இல் நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து எல்லாரையும் விடுதலை செய்தது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள், உறவுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்ற தோரணையில் எழுதப்பட்ட தீர்ப்பு. அந்தக் கொடுமையிலிருந்து கிளம்பிய வழக்கில்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா நெறிமுறைகளைத் தந்தது. இன்றைக்குக் குளிர்சாதன அலுவலகங்களில் புகார்க் குழு இருக்கிறதே, அது இந்தப் பெண்ணின் கணக்கில் வந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கல்யாணம் பண்ணியவர்கள் கணக்கில் என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இனி பதினோராம் பிரிவு. குழந்தைத் திருமணத்தை ஊக்குவித்தவர், அனுமதித்தவர், தடுக்கத் தவறியவர் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அதில் கலந்துகொண்டவரையும் சேர்க்கிறது சட்டம். இரண்டு வருஷம் வரை கடுங்காவல். பெண்களுக்கு மட்டும் சிறை கிடையாது. ஆக, பந்தியில் உட்கார்ந்த அத்தனை ஆண்களும் உள்ளே போக வேண்டியவர்கள். நாதஸ்வரக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர், வாசலில் மணப்பெண் முகத்தை எட்டடிக்கு அடித்து நிறுத்திய பிளக்ஸ்காரர், யாரையும் தப்பவிட வழியில்லை. சாட்சிக்கு அலைய வேண்டுமே என்று போலீஸ் கவலைப்படலாம். வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு நோட்டு எழுதுவோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர், தேதி, இடம், முகூர்த்த நேரம். அதற்குக் கீழே வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை. விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்ப்பார்கள். மொய் நோட்டு. உலகத்தில் எந்தக் குற்றத்துக்கும் குற்றவாளிகளே வரிசையில் நின்று, பெயர் விலாசம் சொல்லி, பணமும் கட்டி, "சரியா எழுதுனியாப்பா" என்று எட்டிப்பார்த்து உறுதி செய்துவிட்டுப் போகிற குற்றப்பத்திரிகை கிடையாது. ஊர்வலத்துக்கு ஆகிற டீசலில் ஒரே ஒரு மொய் நோட்டைப் பறிமுதல் செய்தால் போதும். ஒரு மாவட்டமே பதினெட்டு வரை எண்ணக் கற்றுக்கொள்ளும்.

செய்ய மாட்டார்கள். ஏன் என்றால் மூன்றாம் பக்கத்தில் குழுத் தலைவர் பெயர் இருக்கும்.

ஆகவே அரசாங்கம் வேறு வழியாகக் கண்டுபிடிக்கிறது. பெண் முழுகாமல் இருக்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும், ஆதாரைக் கேட்கிறார்கள். அங்கே வருகிறது உண்மை வயது. நானூறு பேர் சாப்பிட்ட கல்யாணம் அரசுக்குத் தெரிய, ஒரு கரு தேவைப்படுகிறது. செவிலியர் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் போக்சோவில் அவருக்கே தண்டனை. வழக்கு வரும் என்று பயந்து சில குடும்பங்கள் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிப் பக்கமே கொண்டுபோவதில்லை. ரத்தசோகையோடு, ஊசியில்லாமல், ஸ்கேன் இல்லாமல், யாரோ ஒரு மருத்துவச்சியை நம்பி. பாட்டன், தாய்மாமன், தலைவர், வேன் டிரைவர் என்று அத்தனை பேர் செய்த குற்றத்துக்கு அந்தப் பிள்ளையின் வயிறு தலைமறைவாகிறது.

2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையூர் ஒன்றிலிருந்து ஒரு காணொளி வந்ததே, நினைவிருக்கும். பதினாலு வயது. கட்டிவைத்த ஆள் இருபத்தொன்பது. போக மாட்டேன் என்று கதறுகிற பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாடே அதிர்ந்தது. எனக்கு அதிர்ச்சி வரவில்லை, வெட்கம் வந்தது. மற்ற பிள்ளைகளை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் நடந்தே போனார்கள். காணொளி ஆகவில்லை.

குறையவில்லையா என்றால், குறைந்திருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இருபதிலிருந்து இருபத்து நாலு வயதுப் பெண்களில் பதினெட்டுக்குள் கல்யாணமானவர்கள் தேசிய அளவில் 2005-06-இல் 47.4 சதவீதம், 2019-21-இல் 23.3. தமிழ்நாட்டில் 12.8. எட்டுக்கு ஒருத்தி. இதை மேடையில் "எட்டுப் பேரில் ஏழு பேரைக் காப்பாற்றிவிட்டோம்" என்று படித்தார்கள், கைதட்டினோம். குறைத்தது யார்? என்னைக் கேட்டால் ஊர்வலத்துக்கு ஒரு மார்க்கூடத் தரமாட்டேன். தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தை 2022-இல் கல்லூரிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாற்றினார்களே, அதற்குத் தருவேன். ஊருக்குள் வந்துபோகிற டவுன் பஸ்ஸுக்குத் தருவேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவள் திங்கட்கிழமை வரவில்லை என்றதும் தலைமை ஆசிரியரிடம் போய் மூச்சிரைக்கச் சொல்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முழு மார்க்கும் தருவேன். அவளைக் குழுவில் போட மாட்டார்கள். அவள் சின்னப் பிள்ளை.

எல்லாம் சரி, அந்த நாலரை மணி முகூர்த்தம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று யாராவது கேட்கலாம். இரண்டாவது வேனில் நான் இருந்தேன். மாமன் முறை, போகாவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும். பனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அட்சதை போட்டேன். கேசரி நன்றாக இருந்தது. மொய் நோட்டில் முப்பத்தேழாவது வரிசை, என் பெயர், என் தகப்பனார் பெயர், ரூபாய் 501. எழுதுகிறவர் இனிஷியலைத் தப்பாகப் போட்டார். நான்தான் திருத்தினேன்.

மொய் திரும்பி வரும். மூன்று வருஷம் கழித்து எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா. மாமா 1001 எழுதினார். பெரியவளும் வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலில் வெடிப்பு. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் இருந்தாள். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கினவள். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். இன்னும் ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் பாக்கி. மூன்றாம் பிரிவு எனக்குத் தெரியும். நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று தெரியும், இலவசமாக வழக்கு நடத்தித் தருகிற சட்டப்பணிகள் குழு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றும் தெரியும். பக்கத்தில் போனேன். மாமா பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கொழந்தம்மா?"

"பொண்ணுங்க மாமா."

"எத்தன வயசு?"

"ரெண்டு."

குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"சாப்டியா கண்ணு?" என்றேன்.